படர்க்கையிலிருந்து தன்மைக்கு: ஆட்டிசத்தின் நூறாண்டுகள்

பேசுவோர் தன்மை, கேட்போர் முன்னிலை, பேசப்படுவோர் படர்க்கை என்று மூவிடங்களைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். ஆனால் வரலாற்றைப் படிப்பதற்கு இந்தப் பாகுபாடு மிகவும் பயன்படக்கூடியது. ஒரு கூட்டத்தாரைப் பற்றி எழுதப்பட்டவற்றையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதில் பாதி விளங்கிவிடும். பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நெடுங்காலம் படர்க்கையிலேயே இருந்தார்கள். அவர்கள் தன்மையில் பேசத் தொடங்கியபோது இலக்கியம் மட்டுமா மாறியது? சட்டமும் மாறியது, வீடும் மாறியது.

உடலாலும் மனத்தாலும் பெரும்பான்மையோரிலிருந்து வேறுபட்டவர்கள் இன்னும் நெடுங்காலம் படர்க்கையில் இருந்தவர்கள். புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட் பிறப்பில் எட்டு வகைக் குறைகளைப் பட்டியலிடுகிறது. உடற்குறைகளோடு, அறிவு மயங்கியோரும் விலங்கனைய அறிவுடையோரும் அதில் இடம்பெறுகிறார்கள். புலவர் அரசனிடம் பேசுகிறார். பட்டியலில் உள்ளவர்கள் பேசப்படுகிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உலகத்து இலக்கியங்கள் பலவற்றிலும் நிலைமை இதுதான். இந்நிலை நம் காலத்தில்தான் மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ஆட்டிசத்தின் வரலாறு. நூறாண்டுக்குள் அது படர்க்கையில் தொடங்கி, முன்னிலை வழியாகத் தன்மைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

1. மருத்துவர்கள் எழுதிய படர்க்கை

‘ஆட்டிசம்’ என்ற சொல்லை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் உளநோய் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். ‘தான்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அதன் வேர். மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்கவே அவர் அதைப் பயன்படுத்தினார். குழந்தைகளுக்கு அது பின்னால்தான் வந்தது.

கியெவ் நகரில் பிறந்த க்ரூன்யா சுகாரெவா என்ற பெண் மருத்துவர், மாஸ்கோவில் குழந்தைகளுக்கான சிகிச்சைப் பள்ளி ஒன்றில் பணியாற்றியவர். தாம் கண்ட ஆறு சிறுவர்களைப் பற்றி 1925இல் ரஷ்ய மொழியிலும் அடுத்த ஆண்டு ஜெர்மன் மொழியிலும் எழுதினார். தனித்திருக்கும் நாட்டம், ஒரே பொருளில் தோயும் ஆர்வம், ஒலிக்கும் மணத்திற்கும் கூசும் புலன்கள், சிலரிடம் இசைத்திறன் என்று அவர் குறித்தவை இன்றைய மருத்துவ நூல்களின் விளக்கத்தோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆயினும் அவர் பெயரை மேற்குலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் பொருட்படுத்தவில்லை. கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1996இல்.

உலகம் அறிந்த கதை 1943இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை உளமருத்துவப் பிரிவை நிறுவிய லியோ கானர், எட்டுச் சிறுவர்கள், மூன்று சிறுமியர் எனப் பதினொரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை அவ்வாண்டு வெளியிட்டார். பட்டியலில் முதலாவது குழந்தை டொனால்ட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவன். அவனுடைய தந்தை, வழக்கறிஞர், மகனைப் பற்றி 33 பக்கங்களில் கானருக்குக் கடிதம் எழுதியிருந்தார். புகழ்பெற்ற அந்த மருத்துவக் கட்டுரைக்குள் தந்தையின் கடிதம் பெருமளவு கலந்திருக்கிறது. கானரின் கட்டுரை படர்க்கையில் அமைந்தது என்றாலும், அதற்கு அடியில் ஒரு தந்தையின் குரல் ஓடுகிறது என்பதை மறக்கலாகாது.

1944இல் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். குழந்தைகளைக் கொலையிலிருந்து காத்தவர் என்று பல்லாண்டுகள் போற்றப்பட்டவர் அவர். ஆனால் 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளரின் ஆவண ஆய்வும் எடித் ஷெஃபரின் நூலும் வேறு உண்மையை வெளிக்கொணர்ந்தன. நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்ட ‘அம் ஷ்பீகல்க்ரூண்ட்’ என்ற வியன்னா நிலையத்திற்கு அவர் சில குழந்தைகளை அனுப்பிவைத்திருந்தார். திறமை உண்டு என்று அவர் கண்ட சிறுவர்களுக்காகப் பரிந்து பேசியவரும் அவரே; கல்வி பெறத் தகாதவர்கள் என்று கருதிய குழந்தைகளை அங்கே அனுப்பியவரும் அவரே. ‘கல்விக்குத் தகுதியானவன், தகாதவன்’ என்று ஒரு குழந்தையை அளக்கும் அதிகாரம் எத்தகைய இடத்திற்குக் கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

2. தாயின் மேல் விழுந்த பழி

கானர் தம் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையை முடிக்கும்போது இவ்வியல்பு பிறவியிலேயே அமைந்தது என்றே எழுதினார். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு குறிப்பும் இருந்தது: இக்குழந்தைகளின் பெற்றோருள் நெஞ்சில் ஈரமுள்ளவர்கள் மிகச் சிலரே. முதற்கூற்றை உலகம் விட்டுவிட்டது, இரண்டாவதைப் பற்றிக்கொண்டது. கானரும் உடன் நகர்ந்தார். 1949இல் எழுதிய கட்டுரையில், பனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் போல இக்குழந்தைகள் வளர்க்கப்பட்டார்கள் என்று உவமித்தார். ‘குளிர்பதனப்பெட்டித் தாய்’ என்ற தொடர் இங்கிருந்து கிளைத்ததே. ‘தாய்மாருக்கு ஆதரவாக’ என்ற தலைப்பில் 1941இல் நூல் எழுதியவரும் இதே கானர்தான் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

உவமையைக் கோட்பாடாக்கியவர் ப்ரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவில் பிறந்து, 1938-39இல் டாக்காவ், பூக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைபட்டு, அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர். 1944 முதல் 1973 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். 1967இல் ‘வெறுங்கோட்டை’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்ட நூல் ஆட்டிசக் குழந்தையை வதைமுகாம் கைதியோடு ஒப்பிட்டது. கைதிக்கு எதிரே காவலன் நிற்கிறான் என்றால் குழந்தைக்கு எதிரே நிற்பது யார்? தாய். தன் குழந்தை இல்லாதிருந்தால் நல்லது என்று உள்ளூர விரும்பும் தாய். எனவே சிகிச்சையும் தெளிவாயிற்று: குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்.

இந்தக் கோட்பாட்டின் தன்மையைக் கவனிக்க வேண்டும். தாய் அழுதால், அவளுடைய மனக்கோளாறுக்கு அது சான்று. அழாமல் அமைதியாக விவரம் சொன்னால், அவளுடைய குளிர்ச்சிக்கு அது சான்று. குழந்தையின் செயல்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தால் அவள் உணர்ச்சியற்ற ஆய்வாளர். எழுதாமல் வந்தால் அக்கறையற்றவள். அதே தாய்க்கு மற்ற குழந்தைகள் எவ்வித வேறுபாடும் இன்றி வளர்ந்திருப்பது ஏன் என்ற எளிய கேள்வி கேட்கப்படவில்லை. எதைச் சொன்னாலும் எதிர்ச்சான்றாகவே மாறும் ஒரு வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் எப்படித் தம்மை விடுவித்துக்கொள்வார்?

கானர் கண்ட பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள், தொழில்துறையில் சிறந்தவர்கள். அதுவும் கோட்பாட்டுக்கு வலுவாகக் காட்டப்பட்டது: அறிவு மிகுந்து அன்பு குறைந்தவர்கள். உண்மைக் காரணம் வேறு. பால்டிமோரில் ஒரு சிறப்பு மருத்துவரைத் தேடிச்செல்லக் கல்வியும் பணமும் தொடர்பும் தேவைப்பட்டன. ஏழைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் அம்மருத்துவரின் கதவுவரை வந்து சேரவே இல்லை. அவர்களுக்கு வேறு பெயர்கள் சூட்டப்பட்டன. வேறு கட்டடங்கள் காத்திருந்தன. அக்குழந்தைகளின் தாய்மார் மேல் இந்தப் பழி விழவில்லை என்பது உண்மை. ஏனெனில் அவர்களுடைய குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும் என்றே யாரும் எண்ணவில்லை.

அந்தக் கட்டடங்களைப் பற்றிக் கானரே ஒரு சான்று விட்டுச்சென்றிருக்கிறார். தம்முடைய பதினொரு குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று தேடி 1971இல் எழுதினார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் காப்பகங்களில் கழித்த நால்வர், உள்ளே சென்ற சிறிது காலத்திலேயே ஒளியிழந்து போயிருந்தார்கள்.

டொனால்டுக்கும் அந்த விதி நேர்ந்திருக்கக்கூடும். மூன்று வயதில் அவனையும் ஒரு நிலையத்தில்தான் விட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பெற்றோரே திரும்ப அழைத்து வந்தனர். 1942இல், பிள்ளையில்லாத உழவர் தம்பதியிடம் அவனைத் தங்கவைத்தார்கள். 1945இல் அங்கே சென்று பார்த்த கானர் வியந்து எழுதிய செய்திகள் இவை: எண்ணுவதில் மூழ்கிக் கிடந்த சிறுவனை, உழுதுகொண்டே சோள வரிசைகளை எண்ணும்படி அந்த உழவர் விட்டார். அளப்பதே வேலையாக இருந்தவனைக் கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். செத்த பறவைகளைச் சேர்த்துவந்தவனுக்கு அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். குழந்தையின் நாட்டத்தை நோயென்று கிள்ளியெறியாமல், அதற்கு வீட்டு வேலைக்குள் ஓர் இடம் தேடிக் கொடுத்தார் அந்த உழவர். ‘உள்ளடக்கிய கல்வி’ என்று இன்று நாம் கருத்தரங்குகளில் பேசுவதை அந்த மனிதர் எந்தப் பாடநூலும் படிக்காமல் செய்துகாட்டினார்.

டொனால்ட் பின்னர் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். ஊரின் வங்கியில் வேலை பார்த்தார். 27ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் போனார். 2023இல் 89 வயதில் காலமானார். குடும்பத்தின் செல்வமும் வெள்ளையர் என்ற நிலையும் அவருக்குத் துணைநின்றன. அதே மிசிசிப்பியில் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு இப்பாதை திறந்திருக்காது. எனினும் செல்வம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவரைத் தேடிச்சென்ற பத்திரிகையாளர்களிடம் ஊரார் சிலர், அவருக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் உங்களைச் சும்மா விடமாட்டோம் என்று தனித்தனியே எச்சரித்தார்களாம். ஓர் ஊரே அவரைத் தன் மனிதராக ஏற்றிருந்தது.

3. பெற்றோர் பேசிய முன்னிலை

பழியைச் சுமந்தவர்களே அதை இறக்கிவைக்கவும் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்டுக்கு 1956இல் பிறந்த மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. அன்றைய ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்த அவர், தாயின் அன்புக்குறைவு காரணம் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று கண்டார். 1964இல் வெளியான அவருடைய நூல் அக்கோட்பாட்டின் அடித்தளத்தை அசைத்தது. அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் கானர். நூலின் இறுதியில் பெற்றோருக்கான வினாப்பட்டியல் ஒன்று இருந்தது. நாடெங்கிலுமிருந்து பெற்றோர் அதை நிரப்பி ரிம்லாண்டுக்கு அனுப்பத் தொடங்கினர். தனித்தனி வீடுகளில் குற்றவுணர்வோடு அடைந்து கிடந்தவர்கள், தம்மைப் போல வேறு பலர் இருப்பதை அறிந்துகொண்டார்கள். 1965இல் ரிம்லாண்டும் ரூத் சல்லிவன் முதலான பெற்றோரும் சேர்ந்து தேசிய அளவில் ஒரு சங்கத்தை அமைத்தனர். 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்திற்கு வந்த கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக மேடையிலேயே அறிவித்தார். கால் நூற்றாண்டுப் பழிக்குக் கிடைத்த தீர்ப்பு அது.

அறிவியல் சான்றும் பின்னாலேயே வந்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 1977இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றில்கூட அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் மரபணுவின் பங்கை அது ஐயமின்றி உணர்த்தியது. குளிர்பதனப்பெட்டி அத்துடன் மூடப்பட்டிருக்க வேண்டும்.

பிரிட்டனிலும் இதே காலத்தில் பெற்றோர் எழுந்தனர். 1962இல் அங்கே ஆட்டிசக் குழந்தைகளுக்கான சங்கம் தோன்றியது. தோற்றுவித்தவர்களுள் ஒருவரான லோர்னா விங், உளநோய் மருத்துவர்; ஆட்டிசம் உடைய மகளின் தாயும்கூட. அவர் ஜூடித் கூல்டோடு சேர்ந்து லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வு, கானரின் குறுகிய வரையறைக்குள் அடங்காத பல குழந்தைகளைக் கண்டறிந்தது. ஆட்டிசம் என்பது உண்டு, இல்லை என்று கோடு போட்டுப் பிரிக்கக்கூடியதன்று, பல சாயல்களாக விரிந்து கிடப்பது என்ற இன்றைய கருத்துக்கு அதுவே வித்து. வீட்டில் ஒரு பிள்ளையை வளர்த்த கண்களுக்கு, மருத்துவமனையின் மேசைக்கு அப்பாலிருந்து தெரியாதது தெரிந்தது.

கல்வியிலும் பெற்றோர் கதவைத் தட்டித் திறந்தனர். பிரிட்டனில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் நுண்ணறிவு உடைய குழந்தைகள் ‘கல்வி புகட்ட இயலாதவர்’ என்று சட்டப்படியே ஒதுக்கப்பட்டிருந்தனர். 1970இல் நிறைவேறிய சட்டம்தான் அந்தப் பிரிவை ஒழித்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகள் உடல், மனக் குறைகளின் பெயரால் பொதுப்பள்ளிக்கு வெளியே முழுமையாக நிறுத்தப்பட்டிருப்பதாக நாடாளுமன்றமே 1975இல் பதிவுசெய்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுக்கல்வி உரிமையை அளித்தது. இச்சட்டங்களுக்குப் பின்னே கடிதம் எழுதியும் வழக்குத் தொடுத்தும் அலுவலகப் படிகளில் காத்துக்கிடந்தும் சலியாது உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் தாய்மார்.

ஆனால் பெற்றோரின் குரலுக்கும் எல்லை உண்டு. முன்னிலையில் பேசுவது அன்பின் மொழி. ஆணையின் மொழியாகவும் அது மாறிவிடும். ‘நீ சரியாகிவிட வேண்டும்’ என்ற ஏக்கம் பல வழிகளில் திசைமாறியது. கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் 1960களில் குழந்தைகளுக்கு அறையும் மின்னதிர்ச்சியும் கொடுத்து நடத்தையை மாற்ற முயன்றதை 1965இல் ‘லைஃப்’ இதழ் படங்களோடு வெளியிட்டது. அதைக் கண்டு நம்பிக்கை கொண்ட பெற்றோர் பலர். 1998இல் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை ‘லான்செட்’ இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனினும் அந்த அச்சம் இன்னும் ஓயவில்லை. தாய்க்காக வாதாடிய அதே ரிம்லாண்ட் பிற்காலத்தில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காரணம் தேடும் மனம் ஒரு பழியைத் துறந்ததும் இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது.

4. தன்மையில் எழுந்த குரல்

1986இல் டெம்பிள் கிராண்டின் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1992இல் ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் எழுதினார். ஆட்டிசம் உடையவருக்கு உள்வாழ்வு என்று ஒன்று இல்லை என்று எழுதிவந்த வல்லுநர்களுக்கு இந்நூல்களே விடையாக அமைந்தன. உள்ளே யாருமற்ற வெறுங்கோட்டை என்று சொல்லப்பட்டதன் உள்ளிருந்து ஒருவர் சன்னலைத் திறந்து பேசுவதைப் போன்ற வியப்பு அன்று உண்டாயிற்று.

1992இல் ஆட்டிசம் உடையோர் தாமே நடத்தும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் உருவானது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜிம் சின்க்ளேர், 1993இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில் பெற்றோரை நோக்கிப் பேசினார். ‘எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள்’ என்ற தலைப்பில் அது அச்சாயிற்று. அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எதிர்பார்த்திருந்த ஒரு குழந்தை வரவில்லை; அந்த ஏமாற்றம் உண்மையானது, அதற்காக அழுங்கள்; ஆனால் அந்தத் துக்கத்தை வந்திருக்கும் குழந்தையின் மேல் இறக்கிவைக்காதீர்கள். இந்தக் குழந்தை இறந்துபோகவில்லை, உங்கள் முன்னே நிற்கிறது. கானர் பெற்றோரைப் பற்றிப் பேசினார். ரிம்லாண்ட் பெற்றோருக்காகப் பேசினார். சின்க்ளேர் பெற்றோரிடம் பேசினார். முன்னிலையில் நிறுத்தப்பட்டிருந்தவர் தன்மைக்கு மாறினார். பேசிக்கொண்டிருந்த பெற்றோர் கேட்போராயினர்.

இந்தச் சூழலிலிருந்துதான் ‘நரம்பியல் பன்மை’ என்ற கருத்து பிறந்தது. காட்டுக்கு உயிரினங்களின் பன்மை எப்படி வளமோ, அப்படியே மனிதகுலத்துக்கு மூளைகளின் பன்மையும் வளம் என்பது அதன் அடிப்படை. 1998இல் ஹார்வி ப்ளூம் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அச்சொல்லை எழுதினார். அதே ஆண்டில் சிட்னியில் ஜூடி சிங்கர் தம் பட்ட ஆய்வேட்டில் அதைப் பயன்படுத்தினார். சொல்லின் தாய் என்று சிங்கரைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் 1990களில் ஆட்டிசம் உடையோர் மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசியதிலிருந்து கூட்டாகவே இக்கருத்து உருப்பெற்றது என்று 2024இல் ஆய்வாளர் சிலர் விளக்கியிருக்கிறார்கள். நாட்டார் பாடலுக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவது போன்றதுதான் இதுவும். சிங்கர், தம் தாயிடமும் தம் மகளிடமும் தம்மிடமும் ஒரே இழை ஓடுவதைக் கண்டு எழுதியவர் என்பது நமக்கு முக்கியம். தாயைக் குற்றவாளியாக்கிய வரலாற்றில், மூன்று தலைமுறைப் பெண்களை ஒரே வேறுபாட்டின் வாரிசுகளாகக் கண்ட பார்வை அது.

2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இன்னொரு கேள்வியை எழுப்பினார். தாமும் ஆட்டிசம் உடையவர். ஆட்டிசம் உடையோருக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்கிறீர்கள். உங்களுக்கு அவர்கள் மனம் புரிகிறதா? புரியாமை இருபுறமும் உண்டென்றால் குறையை ஒருபுறத்தில் மட்டும் ஏற்றுவது என்ன நியாயம்? இதைப் படிக்கும்போது நமக்கு டொனால்டின் செங்கற்கள் நினைவுக்கு வருகின்றன. பள்ளிச் சுவரில் எத்தனை செங்கற்கள் என்று மாணவர்கள் கேட்க, ஒரு பார்வையில் எண்ணிச் சொன்னார் என்பது அவருடைய ஊரில் வழங்கும் கதை. முதுமையில் அவரிடமே கேட்டபோது, மனத்தில் தோன்றிய ஓர் எண்ணைச் சொன்னதாகவும், அந்தப் பையன்கள் தம்மை நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்று விரும்பியதாகவும் கூறினார். சுற்றியுள்ள மனிதரைப் பொருட்படுத்தாத குழந்தை என்று மருத்துவக் குறிப்பில் பதிவானவர் அவர். அந்தப் பையன்களின் நன்மதிப்புக்கு ஏங்கியதைத் தன்மையில் பேச வாய்ப்புக் கிடைத்தபோதுதான் சொல்ல முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நூல் எழுதுகிறவர்கள் சிலர். பேச்சே வராதவர்கள், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்கள், இரவும் பகலும் துணை வேண்டுபவர்கள் பலர். அவர்களுக்கும் ‘பன்மை’ என்ற அழகிய சொல் பொருந்துமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நமக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி எந்தக் கோட்பாட்டையும்விட கனமானது. அதை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. ஆனால் வேறுபாட்டை மதிப்பதும் உதவி செய்வதும் எதிரெதிரானவை அல்ல. பார்வையற்றவரை மதிப்பதால் அவருக்குக் கோல் வேண்டாம் என்று ஆகிவிடுவதில்லை. வாய்ப்பேச்சு இல்லாதவருக்கும் விருப்பும் மறுப்பும் உண்டு. கையால், கண்ணால், படங்களால், சில வேளை கூச்சலால் அவர் அதைச் சொல்கிறார். அதையும் தன்மையில் பேசப்பட்ட பேச்சாகக் கொள்ளப் பழக வேண்டியவர்கள் நாம்தாம்.

5. நம் வீடும் நம் வகுப்பும்

இந்தியாவில் இவ்வரலாறு சட்டத்தின் வழியே மெதுவாக நகர்ந்தது. உடற்குறை உடையோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு நிலைகளை மட்டுமே ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. பெற்றோரின் முயற்சிகளுக்குப் பின் 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அப்பெயர் இடம்பெற்றது. 2007இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைத் தெளிவாக உள்ளடக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 நிலைகளை ஏற்றது. ஆட்டிசமும், எழுத்து, கணக்கு முதலியவற்றைக் கற்பதில் உள்ள தனித்த இடர்ப்பாடுகளும் அவற்றுள் அடங்கின. அரசின் நிதியோ ஏற்பிசைவோ பெற்ற கல்வி நிலையங்கள் இக்குழந்தைகளை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது.

சட்டம் சொல்வது ஒன்று. சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்பது வேறு. ‘எங்கள் பள்ளியில் இதற்கு வசதி இல்லை’ என்ற பணிவான வாக்கியம் இன்னும் எத்தனையோ வீடுகளின் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. ‘கல்வி புகட்ட இயலாதவர்’ என்ற பழைய சட்டச்சொல்லின் மென்மையான மறுபதிப்பு அது.

நம் சொற்களையும் பார்க்கலாம். 2010இல் தமிழக அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று ஆக்கியது நல்ல மாற்றம். ஆனால் ஆட்டிசத்துக்கு நாம் வழங்கும் ‘புற உலகச் சிந்தனையற்ற’, ‘மதியிறுக்கம்’ முதலிய தொடர்கள் இன்னும் கானரின் மேசைக்கு அப்பாலிருந்தே பேசுகின்றன. மின்விசிறியின் ஒலியும் பக்கத்து வீட்டுத் தாளிப்பின் நெடியும் தாங்கமுடியாத அளவுக்கு உள்ளே புகுந்துவிடுகிற ஒருவரைப் புற உலகம் அற்றவர் என்பது எவ்வளவு தலைகீழானது! அவருடைய சிக்கல் புற உலகம் இல்லாமையன்று. அது மிகுதியாக இருப்பது. இச்சொற்களை ஆக்கும் குழுவில் ஆட்டிசம் உடைய ஒரு தமிழர் இருந்திருந்தால் இவை பிறந்திருக்குமா?

குளிர்பதனப்பெட்டித் தாய் என்ற கோட்பாடு மேற்கில் மடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் வீடுகளில் அது வேறு உடையில் உலவுகிறது. குழந்தை மூன்று வயதாகியும் பேசவில்லை என்றால் முதல் கேள்வி தாயை நோக்கியே வருகிறது. ‘கர்ப்பமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்?’, ‘கிரகணத்தன்று வெளியே வந்தாயா?’, ‘வேலைக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?’, ‘கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்’. கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பாசமுள்ள மாமியாரும் அத்தையும் பெரியப்பாவும்தான். பெட்டல்ஹைமைப் படித்தறியாத அவர்கள் அவருடைய தீர்ப்பையே திருப்பிச் சொல்கிறார்கள். பழிக்கு அஞ்சிய தாய் குழந்தையைக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவதை நிறுத்துகிறாள். மெல்ல மெல்ல இருவருமே வீட்டுக்குள் ஒடுங்குகிறார்கள். பின்பு ஊர் சொல்கிறது, இந்தக் குழந்தை யாரோடும் பழகுவதில்லை என்று.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நம் போன்றோருக்கும் இதில் பங்குண்டு. பாடத்தைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசி, வகுப்பின் முன் நிற்கச் சொன்னால் வாய் மூடிப்போகும் மாணவர். சிந்தனையில் கூர்மையும் எழுத்தில் ஓயாத பிழைகளும் உடைய மாணவி. முகத்தைப் பார்க்காமலே பதில் சொல்வதால் மரியாதை தெரியாதவன் எனப் பெயரெடுத்தவன். இவர்களை நம்முடைய ‘மக்கு’, ‘திமிர்’, ‘சோம்பல்’ என்ற மூன்று சொற்களுக்குள் எத்தனை எளிதாக அடைத்துவிடுகிறோம்! வாய்மொழித் தேர்வுக்கு மாற்றாக எழுத்துத் தேர்வு, எழுத இடர்ப்படுவோருக்குக் கூடுதல் நேரம், இரைச்சலற்ற ஒரு மூலை, ‘உனக்கு எப்படி எளிதாக இருக்கும்?’ என்ற ஒரு கேள்வி. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. மிசிசிப்பியின் உழவரிடம் சோளக்காடு ஒன்றுதான் இருந்தது.

பிற மொழிகள் பலவற்றில் இல்லாத ஒரு நுட்பம் தமிழின் தன்மைப் பன்மைக்கு உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணிகள் அதற்குப் பெயரிட்டார்கள். நூறாண்டுகளில் ஆட்டிசம் உடையோர் படர்க்கையிலிருந்து ‘நாங்கள்’ என்பதுவரை தம் முயற்சியாலேயே வந்துவிட்டார்கள். ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ ஆக்கும் வேலை அவர்களுடையதன்று. பள்ளியின் சேர்க்கை அறையில் அமர்ந்திருப்பவருடையது, கல்யாண வீட்டில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவருடையது. அடுத்த முறை அவளிடம் பேசும்போது, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்குப் பதிலாக, பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டுத் தொடங்கலாம்.